திரையிலிருந்து மேசைக்கு: பாத்திரமேற்பு ஆட்டங்கள் சினிமாவிடம் பட்ட கடன் பற்றி ஒரு நோக்கு

ஒரு கலைவடிவம் தனக்கு முன்னர் தோன்றிய இன்னொன்றிடம் கடன்படுவது புதிதன்று, இழிவுமன்று. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல், வழிநூல் என வகுத்து, வழிநூல் ஆக்கும் நெறிகளையும் நான்காகப் பகுத்துக் கூறும். எதைக் கொள்ளுதல், எதைத் தள்ளுதல், கொண்டதை எவ்வாறு யாத்தல் என்ற வினாக்கள் எமது இலக்கண மரபுக்குப் பழகியவையே. இவ்வினாக்களைக் கடந்த ஐம்பதாண்டுகளில் வளர்ந்த ஒரு புதிய வடிவத்தின் மீது எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய மேசைப் பாத்திரமேற்பு ஆட்டமே அவ்வடிவம். அது சினிமாவிடமிருந்து பெற்றவையும் பெறத் தவறியவையும் கலை பற்றிய கேள்விகளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கதை யாருக்குரியது என்ற கேள்வியையும் உடன்கொண்டே வருகின்றன.

இவ்வாட்டம் வாசகர் பலருக்குப் பழக்கமற்றதாக இருக்கலாம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் ஆட்ட நடத்துநர். கதை நிகழும் உலகையும் அதிலுள்ள ஏனைய மாந்தரையும் பகைவரையும் அவரே பேசுவார். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். “கதவை உடைக்கிறேன்”, “காவலனிடம் பொய் சொல்கிறேன்” என்று ஒருவர் கூற, அது கைகூடுமா என்பதை விதிநூலும் பகடையும் தீர்மானிக்கும். மேடை இல்லை, ஒப்பனை இல்லை, எழுதிவைத்த வசனம் இல்லை. பார்ப்பதற்கென்று வந்தவர் எவரும் இல்லை என்பதே இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. கதையை ஆக்குவோரும் அதனைக் கேட்டுச் சுவைப்போரும் ஒரே மேசையைச் சுற்றியிருக்கும் அந்த ஒருசிலரே.

இவ்வடிவத்தின் முதல் நூலான ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் ஆகிய இருவர் ஆக்கிய அது, பெட்டியொன்றில் அடங்கிய மூன்று சிறு நூல்களாக, 1,000 பிரதிகளே அச்சிடப்பட்டு, 10 டொலருக்கு விற்கப்பட்டது. அதன் பிறப்பிலேயே சினிமாவின் சாயல் உண்டு. ஆர்னஸன் தமது ‘பிளாக்மோர்’ என்னும் கற்பனை நாட்டை உருவாக்குவதற்கு முன்னர் வார இறுதியொன்றைத் தொலைக்காட்சியில் பூதப் படங்கள் பார்ப்பதிற் கழித்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவரது ஆட்டக் குழுவில் ஒருவர் இரத்தக் காட்டேரியின் பாத்திரத்தை ஏற்று அடக்கவொண்ணாத வலிமை பெற்றுவிட, அதனை எதிர்க்க ஒரு சமயகுரு தேவைப்பட்டார் என்பர். சிலுவையை உயர்த்திப் பேயை விரட்டும் அந்தக் குருவுக்கு முன்மாதிரி, பிரித்தானிய ஹாமர் நிறுவனத்தின் டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங் பாத்திரமாகும். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டங்களில் இறைவழிபாட்டால் காயம் ஆற்றும் பாத்திரவகை நிலைபெற்றிருப்பதற்கு 1958இன் ஒரு பயங்கரப் படமும் ஒரு காரணம் என்பது சுவையான செய்தி.

ஆயினும் இக்கடனை ஆக்கியோர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. 1979இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் வழிகாட்டியின் பின்னிணைப்பொன்றிலே தமக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களின் பட்டியலைக் கைகாக்ஸ் தந்தார். எழுத்தாளர்கள் பெயர் பெயராக வருகின்றனர். பலரின் நூற்பெயர்களும் உடன் வருகின்றன. திரைப்படங்களோ முன்னுரையில் ஒரு வாக்கியத்துள் மொத்தமாகக் குறிப்பிடப்பட்டு, ஒரு படத்தின் பெயர்கூடச் சொல்லப்படாமல் விடப்படுகின்றன. நூல் மதிப்புடையது, படம் பொழுதுபோக்கு என்ற பழைய மனப்பாங்கின் எச்சமாக இதனைக் கொள்ளலாம். தாம் மதிக்காத ஒன்றிடமிருந்து பெறுவோர் ஆராய்ந்து பெறுவதில்லை. ஆரம்பகால ஆட்டங்கள் சினிமாவிலிருந்து ஒரு பூதம், ஒரு வாள், ஓர் இருண்ட மாளிகை என உதிரிப் பொருள்களையே பொறுக்கின. (அவற்றுள் வந்த சில விலங்குகள் ஹொங்கொங்கில் வார்க்கப்பட்ட மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து அமைக்கப்பட்டவை. கூலி குறைந்த ஒரு நகரின் தொழிலாளர் கைகளும் இக்கற்பனையில் அறியாமலே பங்குகொண்டுள்ளன.)

உதிரிப் பொருள்களைப் பெறுவதால் தீங்கில்லை. ஒரு படத்தின் கதையை முழுதாக மேசைக்குக் கொண்டுவர முனையும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. ஏனெனில் திரைப்படம் முடிந்துபோன ஒன்று. இருளில் அமர்ந்திருப்பவன் எவ்வளவு கலங்கினாலும், எவ்வளவு சினந்தாலும், திரையில் ஒரு கணத்தைக்கூட அவனால் மாற்ற இயலாது. பாத்திரமேற்பு ஆட்டத்தில் இந்த இயலாமையே நீங்கிவிடுகிறது. ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்த அதே 1974இல், பிரேசில் நாட்டு நாடகாசிரியர் ஓகஸ்தோ போல் தமது ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்னும் நூலை வெளியிட்டார் என்பதை இவ்விடத்து நினைவுகொள்ளலாம். பார்வையாளன் எழுந்து சென்று பாத்திரத்தின் இடத்தில் தானே நின்று கதையின் போக்கை மாற்றவேண்டும் என்பது அவரது கோட்பாடு. அமெரிக்க மத்திய மேற்கின் போர்விளையாட்டு ஆர்வலருக்கும் இலத்தீன் அமெரிக்காவின் போராட்ட அரங்குக்கும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை. நோக்கத்தில் இரண்டும் இரு துருவங்கள். எனினும் பார்வையாளன் என்ற நிலையை இரண்டும் ஒரே காலத்தில் ஒழித்தன. ஒழிக்கப்பட்ட அந்நிலையை மேசைக்கு மீட்டுக் கொண்டுவரும் கடன் எதுவோ, அதுவே தவறான கடன் என்பது எமது கருத்து.

இதற்கு மிகத் தெளிவான சான்று 1984இல் ரி.எஸ்.ஆர் கொம்பனி வெளியிட்ட இண்டியானா ஜோன்ஸ் ஆட்டமாகும். ஹொலிவூட்டின் பெருவெற்றிப் படமொன்றின் உரிமத்தைப் பெற்று ஆக்கப்பட்ட இவ்வாட்டத்தின் முதற்பெட்டியில், ஆடுவோர் தமக்கென ஒரு புதிய பாத்திரத்தை ஆக்கிக்கொள்வதற்கான விதியே இருக்கவில்லை. இண்டியானா ஜோன்ஸ், மரியன், சல்லா, ஷோர்ட் ரவுண்ட் எனப் படங்களில் வந்தவர்களையே தெரிந்தெடுக்க வேண்டும். புதுப் பாத்திரம் ஆக்கும் விதி பின்னர் ஒரு துணைத் தொகுதியிலேயே வந்தது. படத்தைப் பார்த்தவனுக்கு நாயகனின் துணிவு மட்டுமன்றி அவனது முடிவும் தெரியும். தெரிந்த கதைக்குள் தெரிந்த மனிதனாக நடப்பதில் ஆடுவோனுக்கு எஞ்சுவது யாது? ஒப்புவித்தல் ஒன்றே. பெட்டியோடு வந்த அட்டை உருவங்களில் ‘நாசி’ என்ற சொல்லின் அருகிலும் வணிகக்குறி அச்சிடப்பட்டிருந்தது என்பது இன்றும் நகைப்புக்குரிய செய்தியாகப் பேசப்படுகின்றது. நகைப்பை ஒதுக்கிவிட்டு நோக்கினால், வரலாற்றின் கொடுங்கூட்டம் ஒன்றின் பெயர்கூட ஒரு பண்டத்தின் பகுதியாக மாறிவிட்டமையை அது காட்டும்.

இப்படத்தொகுதியில் எமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு பகுதியும் உண்டு. அதே 1984இல் திரையிடப்பட்ட ‘டெம்பிள் ஒஃப் டூம்’ இந்தியாவில் நிகழ்வதாக அமைந்த கதை. திரைக்கதையில் இந்திய அரசு மாற்றங்களைக் கோரியமையால் படப்பிடிப்புக்குழு இலங்கைக்கு வந்து, 1983இல் கண்டியை அண்டிய பகுதிகளில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தது. இறுதிக் காட்சியின் தொங்குபாலம் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அண்மையில் அமைக்கப்பட்டது. வட இந்தியக் கிராமம் எனக் காட்டப்படும் மாயாபூரின் மக்கள் சிங்களம் பேசுகின்றனர். உலகப் பார்வையாளர் வேறுபாடு அறியமாட்டார் என்ற நம்பிக்கைதான் காரணம் போலும். ஊரின் முதிய பூசகராக நடித்த டி. ஆர். நாணயக்கார, திரைக்குப் பின்னிருந்து இயக்குநர் சொல்லச் சொல்ல ஆங்கில வசனங்களை ஒலியளவில் திருப்பிச் சொன்னார் என்பர். வறண்ட நிலமும் களவாடப்பட்ட குழந்தைகளும் கொண்ட அவ்வூர், வானிலிருந்து விழுந்த வெள்ளையன் ஒருவனுக்காகக் காத்திருக்கிறது. ஆட்டப்பெட்டி தந்த பாத்திரங்களுள் அக்கிராமத்தவர் ஒருவரும் இல்லை. படம் அவர்களிடமிருந்து பறித்த செயலை ஆட்டமும் பறித்தது. ஆட்டமோ அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய வடிவம். தன் குழந்தையைத் தேடிப் புறப்படும் மாயாபூர்த் தாயாக ஒருவர் மேசையில் அமர்வதை இவ்வடிவத்தின் இயல்பு எதுவும் தடுக்கவில்லை. உரிம ஒப்பந்தத்தின் தருக்கமே தடுத்தது. ஆட்டம் விலைபோகவில்லை. உரிமம் காலாவதியாகியபின் எஞ்சிய பிரதிகள் அழிக்கப்பட்டன. எரிந்த எச்சத்தில் தெரிந்த எழுத்துக்களைக் கொண்டு பிறந்த ‘டயானா ஜோன்ஸ்’ என்ற பெயரில் 2001 முதல் ஆட்டத்துறையில் ஒரு விருது வழங்கப்படுவது வேறு கதை.

உரிமம் பெறாமலே வீட்டு மேசைகளில் நிகழும் கடன்பெறுதல் இதனினும் பரந்தது. அங்கு அடிக்கடி பயன்படும் படம் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’. கொள்ளையரால் அச்சுறுத்தப்படும் ஒரு கிராமம், அதைக் காக்க வரும் வீரர் குழு, இறுதிப் போர் என்ற எலும்புக்கூடு எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். 1960இல் ஹொலிவூட்டும் அதையே எடுத்துத் துப்பாக்கிவீரர் படமாக்கியது. ஆனால் 1954இல் வெளிவந்த அந்த 207 நிமிடப் படம் அந்த எலும்புக்கூட்டாலா உயிர்பெறுகிறது? சோறுண்ணும் வீரரை வைத்துக்கொண்டு விவசாயிகள் தினையை உண்கின்றனர். தம்மைக் காக்க வந்தவரிடமிருந்து தம் பெண்களை மறைக்கின்றனர். தந்தை ஒருவன் மகளின் கூந்தலை வெட்டி அவளை ஆண்போலக் காட்டுகிறான். ஒருநாள் அவ்வூரில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த போர்க்கவசங்கள் வெளிப்படுகின்றன. தோற்றோடிய சாமுராய்களைக் கொன்று விவசாயிகள் எடுத்தவை அவை. வீரர் குமுறுகின்றனர். அப்போது விவசாயி மகனாகப் பிறந்து சாமுராய் வேடம் பூண்டு திரியும் கிகுச்சியோ, இவ்விவசாயிகளை வஞ்சகராக்கியவர் யார் என்று அவர்களையே திருப்பிக் கேட்கிறான். கொள்ளையரோடு நிகழும் போர் அப்படத்தின் புறக்கதை. நிலத்தை உழுபவனுக்கும் வாளேந்துபவனுக்கும் இடையிலான வர்க்க முரண்பாடே அதன் அகம்.

ஆட்ட நடத்துநர் கதைப்போக்கைக் கடன்வாங்கினால் ஆடுவோர் வருவர், வேலி கட்டுவர், வெல்வர். முரண்பாட்டைக் கடன்வாங்கினால் என்ன நிகழும் என்பது அவருக்கே தெரியாது. மேசையில் இருவர் விவசாயிகளாகவும் மூவர் கூலிவீரராகவும் இருக்கட்டும். கவசம் ஒளித்துவைத்திருப்பது விவசாயிப் பாத்திரம் ஏற்றவர்க்கு மட்டும் தெரியட்டும். அரிசி எத்தனை நாளுக்குப் போதும் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். குரோசாவாவின் படத்தில் நால்வர் மடிய மூவர் எஞ்சினர். நாற்று நட்டவாறே பாடும் விவசாயிகளைப் பார்த்து, வென்றவர் தாமல்லர் என எஞ்சியோர் உணர்ந்தனர். மேசையிலோ வீரர் கிராமத்தை விட்டே போகலாம், கொள்ளையரோடு உடன்படலாம், கவசத்தை விவசாயிகளே அணிந்துகொண்டு வீரர் எவரும் தேவையில்லை எனலாம். இம்முடிவுகளுள் எதுவும் படத்தில் இல்லை. எனினும் இவை எல்லாம் அப்படத்தின் வழிவந்தவை என்பதை அதனை அறிந்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

ஒரு படத்தை விட்டு ஒரு படவகையையே கடனாகப் பெற முயன்ற ஆட்டங்களும் உள. ரொபின் லோஸ் ஆக்கி 1996இல் வெளிவந்த ‘ஃபெங் சுயி’ ஹொங்கொங் சண்டைப் படங்களை அடியொற்றியது. அப்படங்களில் நாயகன் மேசைமீது பாய்ந்து, விளக்கில் தொங்கி, கையில் அகப்பட்டதை ஆயுதமாக்குவான். அதற்கு முற்பட்ட ஆட்டங்கள் பலவற்றில் இத்தகைய துணிகரச் செயலுக்கு வெற்றிவாய்ப்புக் குறைக்கப்பட்டது. ஆகவே ஆடுவோர் அடக்கமாக நின்று வாள் வீசினர். லோஸ் அத்தண்டனையை நீக்கினார். நுணுக்கமான வரைபடத்தை ஒதுக்கி, சமையலறை என்றால் அங்கு கத்தியும் கொதிநீரும் இருக்கும் என ஆடுவோரே கொள்ள இடமளித்தார். கதை எதையும் எடுக்காமல், அப்படங்களின் இயக்கவிதியை எடுத்து ஆட்டவிதியாக்கிய இச்செயல் உண்மையில் ஒரு திறனாய்வுச் செயலாகும். ஆயினும் அதிலே இன்னொரு விதியும் உண்டு. பெயருள்ள பகைவரோடு நெடுநேரம் போராடவேண்டும். பெயரற்ற அடியாட்களோ நன்கு பட்ட ஒரே அடியில் வீழ்வர். திரையில் நாம் கவனியாது கடந்துபோகும் ஒரு வழக்கம் இங்கு எண்களாக அச்சேறி நிற்கின்றது. கூலிக்கு அடிக்க வந்தவன் உயிருக்கு விலை குறைவு என்பதைப் படம் மறைத்துச் சொல்லிற்று. விதிநூல் வெளிப்படையாகவே சொல்கின்றது.

ஜேசன் மோர்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’ (2009) இவ்வழியில் மேலும் சென்றது. ‘பிளட் சிம்பிள்’, ‘ஃபார்கோ’ முதலிய கோவன் சகோதரரின் படங்களிலே காணும் சிறுமனிதரின் பேராசையும் அது இட்டுச்செல்லும் பேரழிவுமே இதன் பொருள். இங்கு ஆட்ட நடத்துநரே இல்லை. அருகருகே அமர்ந்தோரிடையே ஓர் உறவு. அவ்வுறவைச் சிக்கலாக்கும் ஒரு பொருள், ஓர் இடம் அல்லது ஒரு தேவை. இவற்றைப் பகடையால் தெரிந்துகொண்டு ஆட்டம் தொடங்கும். ஒவ்வொருவர் முறையிலும் அவர் ஒன்றைத் தெரியவேண்டும்: காட்சியைத் தாமே தொடங்கினால் அதன் முடிவு நன்றா தீதா என்பதை மற்றவர் தீர்மானிப்பர், முடிவைத் தாமே வைத்துக்கொண்டால் காட்சியை மற்றவர் அமைப்பர். இரண்டையும் ஒருவர் வைத்துக்கொள்ள இயலாது. திரைப்படத்தில் இயக்குநரிடம் குவிந்திருக்கும் அதிகாரத்தை இவ்வளவு எளிமையாகப் பிரித்துப் பங்கிட்ட வேறொரு விதியை யாம் அறியோம். நடுவே கதை தடம்புரளும் ஒரு கட்டம் வரும். இறுதியில் ஒவ்வொருவரும் சேர்த்த இருநிறப் பகடைகளை உருட்டி, ஒரு நிறத்தின் தொகையிலிருந்து மற்றதைக் கழிப்பர். விடை பூச்சியத்தை நெருங்க நெருங்கக் கேடு பெருகும். முற்றிலும் தீயவனும் முற்றிலும் நல்லவனும் தப்ப வாய்ப்புண்டு. இடையில் நின்றவனே நசுங்குவான்.

இதன் நுட்பத்தைப் பாராட்டும் அதேவேளை ஒன்றைக் கேட்கவேண்டும். அழிவு ஏன் வருகின்றது? ஆசையும் அறிவின்மையும் என்பதே இவ்வாட்டத்தின் விடை; அது அப்படங்களின் விடையும்கூட. பணமுடையில் தவிக்கும் கார் விற்பனையாளன் மேசைக்கு வருகிறான். அவனைக் கடனாளியாக்கிய பொருளாதார அமைப்பு வருவதில்லை. படவகையின் விதியைக் கடன்வாங்குவோர் அதன் கருத்துநிலையையும் சேர்த்தே வாங்குகின்றனர். அதனை அறிந்து வாங்கினால் மாற்றவும் இயலும். ஃபியாஸ்கோவின் தொடக்க நிலைகள் தனித்தனித் தொகுதிகளாகவே அமைந்துள்ளன. ஆடுவோர் தாமே புதிய தொகுதிகளை எழுதியும் வருகின்றனர். வட்டிக்கடைக்காரனையும் நிலவுரிமையாளனையும் உறவுப் பட்டியலில் சேர்த்து எழுதுவதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை.

நாவல் இருக்கச் சினிமாவை ஏன் நாடவேண்டும் என ஒருவர் வினவலாம். விடை நடைமுறை சார்ந்தது. ஐவர் சேர்ந்து ஓர் உலகைக் கற்பனை செய்வதானால் அவ்வுலகு பற்றி அவர்களிடையே விரைந்த உடன்பாடு வேண்டும். ஐவரும் ஒரே நாவலைப் படித்திருத்தல் அரிது. ஒரே படத்தைப் பார்த்திருத்தல் எளிது. படத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே நிறமும் ஒலியும் வேகமும் எல்லோர் மனத்திலும் எழும். ஆனால் எல்லோரும் பார்த்த படம் எது என்பதைத் தீர்மானிப்பது விநியோகச் சந்தை. ஆகவே பொதுவான கற்பனை எனப்படுவது பெரும்பாலும் ஹொலிவூட்டின் கற்பனையாகவே முடிகின்றது. அதனைப் பாராதவன் மேசையில் அந்நியனாகிறான்.

இதுகாறும் திரையிலிருந்து மேசைக்கு வந்தவற்றை நோக்கினோம். கடன் எதிர்த்திசையிலும் நிகழ்ந்துள்ளது. 1987இல் வெஸ்ட் என்ட் கேம்ஸ் நிறுவனம் ‘ஸ்டார் வோர்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டது. அங்கு ஆடுவோர் படத்தின் நாயகரைத் தெரியவேண்டியதில்லை. அதே அண்டவெளியின் வேறொரு மூலையில் தமக்கெனப் பாத்திரம் ஆக்கிக்கொள்ளலாம். 1984இன் தவற்றோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றம். ஆனால் அதற்கு அண்டவெளி முழுவதையும் விவரிக்கவேண்டியதாயிற்று. திரையில் சில கணங்கள் தோன்றி மறைந்த வேற்றுலகினர் பலருக்குப் படங்களில் இனப்பெயர்கூட இருக்கவில்லை. பில் ஸ்லாவிசெக் முதலிய ஆட்ட எழுத்தாளர்கள் அவர்களுக்கு ரோடியன், ட்விலெக் எனப் பெயரிட்டு, ஊரும் வழக்கமும் வரலாறும் எழுதினர். பின்னர் திமத்தி சான் புதிய நாவல்வரிசையொன்றை எழுத முற்பட்டபோது, உரிமையாளர் தரப்பிலிருந்து அவருக்கு அனுப்பப்பட்டவை இவ்வாட்ட நூல்களே. அவ்வரிசையின் முதல் நாவல் 1991இல் வெளிவந்து பெருவிற்பனை கண்டது. மேசைக்காகச் செய்யப்பட்ட உழைப்பு உரிமையாளரின் சொத்தோடு சேர்ந்தது.

2012இல் அச்சொத்து முழுவதையும் டிஸ்னி நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை நாவல்களிலும் ஆட்டங்களிலும் வளர்ந்த கதைகள் இனி அதிகாரபூர்வ வரலாற்றைச் சேர்ந்தவை அல்ல என அறிவிக்கப்பட்டது. ட்விலெக் என்ற பெயர் மட்டும் நீக்கப்படவில்லை. அதற்குப் பின் வந்த தொடர்களிலும் அது வழங்கிவருகின்றது.